கிழக்கே வெயில் தெரிந்தது

1996 ஏப்ரல் 11, வியாழக்கிழமை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகரான ஷையனில் காலை எட்டு மணி தாண்டியிருந்தது. விமான நிலையத்தில் ஒற்றை இன்ஜின் கொண்ட செஸ்னா 177பி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. இன்ஜினை முடுக்கிய பிறகுதான் முன்சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை யாருமே எடுக்கவில்லை என்பது தெரிந்தது. மலைச்சாலையில் லாரி நின்றால் கிளீனர் குதித்து ஓடி டயருக்கு அடியில் கல் வைப்பாரே, அந்த வேலையைச் செய்கிற கட்டைதான். இன்ஜினை அணைத்தார்கள், கட்டையை எடுத்தார்கள், மறுபடியும் முடுக்கினார்கள்.

இடிமேகம் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. காற்று 20 நாட் வேகத்தில் அடித்தது. இடையிடையே 30 நாட்டுக்கு எகிறியது. நம் கணக்கில் மணிக்கு 37 கிலோமீட்டர், வீச்சு வரும்போது 56. சற்று முன் கிளம்பிப்போன இரட்டை இன்ஜின் விமானத்தின் விமானி, தாழ்வான உயரத்திலேயே காற்று 15 நாட் கூடிக் குறைந்து விளையாடுவதாகச் சொல்லியிருந்தார். கட்டுப்பாட்டுக் கோபுரம் அந்தத் தகவலைச் செஸ்னாவுக்கும் தெரிவித்தது. 8:24 மணியளவில் செஸ்னா ஓடுபாதையை விட்டு எழும்பி, வலப்பக்கமாகக் கிழக்கு நோக்கித் திரும்பியது. மழைக்குள் அதன் சிறகுகள் தள்ளாடுவதைத் தரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது குடியிருப்புப் பகுதித் தெரு ஒன்றில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த மூவரும் இறந்துபோனார்கள்.

மூவரில் ஒருத்தி ஜெசிகா டுப்ராஃப். வயது ஏழு. இன்னும் 24 நாள் இருந்திருந்தால் எட்டு.

ஏழு வயதுச் சிறுமி விமானம் ஓட்டினாள், விழுந்தது என்றுதான் இந்தக் கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. அப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்கும் சட்டென்று விளங்கிவிடுகிறது. வயது தெரியாமல் செய்த விபரீதம், அவ்வளவுதான் என்று அடுத்த செய்திக்குப் போய்விடலாம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "பாவம், காற்று கவிழ்த்துவிட்டது" என்பார்கள். இரண்டும் பாதி உண்மைகூட இல்லை. ஷையன் விபத்தின் விசாரணை அறிக்கையை நிதானமாகப் படித்தால், சிறுமியும் காற்றும் அதில் பின்னால்தான் நிற்கிறார்கள். முன்னால் நிற்பது ஒரு கால அட்டவணை.

ஜெசிகாவின் பயணத்துக்கு அவள் தந்தை போட்ட திட்டம் பெரியது. கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே என்ற கடலோர ஊரில் தொடங்கி, நாட்டின் மறு கரையான மாசசூசெட்ஸ் வரை போய்த் திரும்புவது. எட்டு நாட்கள். அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த மிக இளைய விமானி என்று பெயர் வாங்குவது நோக்கம். விந்தை என்னவென்றால், இப்படியொரு சாதனைக்குப் பதிவேடே கிடையாது. விபத்துக்குத் தூண்டுகோலாகிறது என்று கின்னஸ் புத்தகக்காரர்கள் 'மிக இளைய விமானி' என்ற பிரிவையே ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நீக்கியிருந்தார்கள். ஆனாலும் தொலைக்காட்சிகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. பயணத்தைப் படம் பிடிக்கச் சொல்லி ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் தந்தையின் கையில் கேமராவையும் நாடாக்களையும் கொடுத்திருந்தது.

சட்டத்தின் கண்ணில் ஜெசிகா விமானியே அல்ல, பயணி. அமெரிக்காவில் விமானத்தைத் தனியாக ஓட்டிப் பழகவே 16 வயது ஆக வேண்டும். தனியார் விமானி உரிமம் வாங்க 17. நான்கு மாதங்களில் அவள் 30 மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாகப் பறந்து பழகியிருந்தாள். உயரம் போதாததால் இருக்கையில் மெத்தைத் திண்டு. கால் எட்டாததால் சுக்கான் மிதிகளில் கூடுதல் துண்டு. பின் இருக்கையில் தந்தை. பக்கத்து இருக்கையில் 52 வயதுப் பயிற்றுநர். அந்த விமானத்தின் பொறுப்பு முழுக்க அவருடையது. உடல்களில் இருந்த காயங்களை ஆராய்ந்த விசாரணையாளர்கள், கடைசி நேரத்தில் விமானத்தின் கட்டுப்பாடு அவர் கையில்தான் இருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். சிறுமி ஓட்டி விழுந்த விமானம் அல்ல அது. அனுபவமுள்ள பெரியவர் ஓட்டி விழுந்த விமானம்.

அனுபவமுள்ளவர் எப்படி விழுந்தார் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஷையனின் உயரத்தைப் பார்க்க வேண்டும். அந்த விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 6,156 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நம் குன்னூர் உயரம். குன்னூரில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பவர்களுக்கு அங்கே காற்று மெலிது என்று தெரியும். விமானத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. சிறகைத் தாங்குவதும் காற்றுதான், புரொப்பெல்லர் பிடித்து இழுப்பதும் காற்றைத்தான், இன்ஜினுக்குள் போய் எரிபொருளை எரியவைப்பதும் அதுதான். அன்றைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், விமானத்தைப் பொறுத்தவரை அது 6,670 அடி உயரத்தில் இருப்பதாகப் பொருள். கடற்கரையில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அடர்த்தி போய்விட்டது. பயிற்றுநர் பழகியதெல்லாம் பெரும்பாலும் கடலோரத் தாழ்நில விமான நிலையங்களில்.

அடுத்தது எடை. விமானம் தாங்கக்கூடிய உச்ச எடையைவிட 96 பவுண்டு கூடுதல். 44 கிலோ. ஓர் அரிசி மூட்டையைவிடச் சற்றே குறைவு. இதற்கா விழும் என்று தோன்றலாம். இதற்கு மட்டும் விழாதுதான். இந்த 44 கிலோ செய்யும் வேலை ஒன்றே ஒன்று: விமானம் விழாமல் பறப்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை இரண்டு சதவீதம் உயர்த்திவிடும். திரும்புவதற்காக விமானம் 20 டிகிரி சாய்ந்தால் அந்த வேகம் இன்னும் மூன்று சதவீதம் உயரும். நனைந்த சிறகு தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டும். ஒவ்வொன்றும் அற்பம். கடன் வாங்குகிறவருக்கு ஒவ்வொரு கைமாற்றும் சிறிதாகத்தான் தெரியும்.

அந்தக் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போனால் நேர்வதை விமானிகள் 'ஸ்டால்' என்கிறார்கள். காரில் இன்ஜின் நின்றுபோவதையும் நாம் அதே சொல்லால் குறிப்பதால் இங்கே ஒரு குழப்பம் உண்டு. விமானத்தில் ஸ்டால் என்றால் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நின்றுபோவது சிறகின் வேலை. வேகம் குறையக் குறைய, உயரத்தைக் காப்பாற்ற விமானி மூக்கைத் தூக்குகிறார். ஒரு கட்டத்துக்குமேல் சிறகின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடுகிறது. தாங்கும் விசை சட்டென்று சரிகிறது. ஐயாயிரம் அடி உயரத்தில் இது நடந்தால் மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைத் திரும்பப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பறக்கலாம். சில நூறு அடி உயரத்தில் மூக்கைத் தாழ்த்தினால் எதிரே தெரிவது வீட்டுக் கூரை.

இப்போது அந்த 15 நாட் காற்றை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று அந்தச் செஸ்னா ஏற வேண்டிய வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரை ஒட்டியது. ஸ்டால் ஆகும் வேகம் 100 கிலோமீட்டரை ஒட்டியது. நடுவில் இருக்கும் சேமிப்பு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். எதிர்க்காற்று ஒரே நொடியில் 15 நாட் தணிந்தால், விமானத்தின் காற்றுவேகத்தில் 28 கிலோமீட்டர் காணாமல் போகும். முன்னால் போன விமானி எச்சரித்தது இதைத்தான்.

காற்று வீசுவதைவிட வீசி நிற்பதுதான் ஆபத்து என்பது தரையில் நிற்பவர்களுக்கு எளிதில் பிடிபடாத சங்கதி. எதிர்க்காற்று சீராக அடித்தால் விமானிக்குக் கொண்டாட்டம். குறைந்த தூரம் ஓடியே எழும்பிவிடலாம். வீச்சுக் காற்று அப்படியல்ல. முதலில் அள்ளித் தூக்கும், விமானி நிம்மதி அடைவார், அடுத்த நொடி கையை விரித்துவிடும். மேலும், காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 நாட் 30 ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு. அழுத்தமோ இரண்டேகால் மடங்கு. எழுபது டன் எடையோடு 140 நாட் வேகத்தில் கிளம்பும் ஏர்பஸ்ஸுக்கு 15 நாட் என்பது பத்தில் ஒரு பங்கு. ஒரு டன் சொச்சம் எடையோடு 55 நாட்டில் எழும்பும் சிறு விமானத்துக்கு அது கால் பங்குக்கு மேல். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பவர்கள் நாம். அம்மிக்குச் சிறகும் முளைத்திருந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஷையனில் இன்னொரு பொறியும் இருந்தது. காற்று ஏறக்குறைய ஓடுபாதைக்கு நேர் எதிரே இருந்து வந்தது. கிழக்கே திரும்பத் திரும்ப எதிர்க்காற்று பக்கக் காற்றாகி, பின்காற்றாகிறது. பின்காற்றில் தாழப் பறக்கும்போது தரை விரைந்து ஓடுவதுபோல் தெரியும். மழையில் அடிவானம் மறைந்து, கண்ணுக்குத் தெரிவது கீழே ஓடும் தெருக்கள் மட்டும் என்றால், வேகம் நிறைய இருப்பதாக மூளை நம்பும். வேகமானியின் முள்ளோ வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணை நம்பினால் போச்சு.

இவ்வளவும் விமானம் எழும்பிய பிறகு நடந்தவை. விபத்து அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

முதல் நாள் ஹாஃப் மூன் பேயிலிருந்து கிளம்பி, நெவாடாவின் எல்கோ, வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் என்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஷையன் வந்து சேர்ந்தார்கள். வழியில் சிறுமி தூங்கிப்போனாள். ஒரு தரையிறக்கத்தில் காற்று பலமாக இருந்ததால் பயிற்றுநர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஊர் சேர்ந்ததும் வரவேற்பு, பேட்டி. விடிந்ததும் மறுபடி பேட்டி. பெரியவர்கள் இருவரும் களைத்திருந்தார்கள். ஊர்க்காரரான வானொலி நிலைய அலுவலர் ஒருவர் வானிலை கெடுவதைப் பார்த்து, தங்கிப் போகச் சொன்னார். புயலை முந்திக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று தந்தை மறுத்துவிட்டார். அடுத்த நிறுத்தம் நெப்ராஸ்காவின் லிங்கன், அதற்கடுத்து இண்டியானா. ஒவ்வொரு ஊருக்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது.

வானிலை விளக்கம் கேட்டுத் தொலைபேசியில் பேசியபோது, பாதகமான நிலவரங்கள் எல்லாம் பயிற்றுநருக்குச் சொல்லப்பட்டன. அவர் கவனம் போனது வேறு பக்கம். கிழக்கே பார்த்தால் வெயில் அடிப்பதுபோல் தெரிகிறதே என்றார். போக வேண்டியதும் கிழக்கேதான். இடையில் இருந்த சில கிலோமீட்டர் காற்றும் மழையும் அவருக்கு வாசற்படிபோலத் தோன்றியிருக்க வேண்டும், தாண்டிவிட்டால் வெளிச்சம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பழமொழி வைத்திருக்கும் மொழி நம்முடையது. களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவருக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். விமானியின் விஷயத்தில் அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். இந்த மனநிலைக்கு அமெரிக்க விமானிகள் நோயின் பெயர்போல ஒரு கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கெட்-தேர்-ஐட்டிஸ்'. போயே தீரணும் வியாதி என்று தமிழில் சொல்லலாம். பெயர் வைத்துச் சிரிக்கிற அளவுக்கு அது அவர்களுக்குத் தெரிந்த நோய். நோய் தெரியும் என்பதால் யாருக்கும் அது வராமல் போவதில்லை.

ஓடுபாதைக்குப் போகும் நேரத்தில் பார்வைத் தூரம் இரண்டேமுக்கால் மைலாகக் குறைந்துவிட்டது. கண்ணால் பார்த்து ஓட்டும் விதிப்படி மூன்று மைல் வேண்டும். கால் மைல் குறை. கோபுரம் இதைச் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டது. பயிற்றுநர் விதிவிலக்கான ஓர் அனுமதி கேட்டார்; கேட்கும்போது அதன் பெயரையே தவறாகச் சொன்னார். அவர் சொன்ன பெயரில் அப்படியொரு அனுமதி கிடையாது. கோபுரம் அவர் கேட்க வந்ததைப் புரிந்துகொண்டு சரியான அனுமதியை வழங்கியது. ஒரு மைல் பார்வை இருந்தால் போதும் என்கிற அனுமதி அது. முட்டுக்கட்டையை மறந்ததும் பெயரைக் குழப்பியதும் தனித்தனியே பார்த்தால் யாருக்கும் நேர்கிற கைப்பிசகு. ஒரே காலையில் அடுத்தடுத்து நேரும்போது, தூக்கம் போதாத மனிதரின் மூளை கொடுக்கும் எச்சரிக்கை மணி.

இங்கே கவனிக்க வேண்டியது, கோபுரம் தடுக்கவில்லை என்பது. தடுக்கும் வேலை அதனுடையது அல்ல. தகவல் சொல்வதும், ஓடுபாதை காலியா என்று பார்ப்பதும், விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் காப்பதும்தான் அதன் கடமை. இந்தக் காற்றில் போகாதே என்று பிடித்து நிறுத்தும் அதிகாரத்தைச் சட்டம் விமானி ஒருவருக்கே கொடுத்திருக்கிறது. அதாவது, போகத் துடிப்பவரையும் தடுக்க வேண்டியவரையும் ஒரே இருக்கையில் உட்கார வைத்திருக்கிறது.

விசாரணை நடத்திய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவைச் சுற்றிவளைக்காமல் சொன்னது. வீச்சுக் காற்றும் நெருங்கும் இடிமழையும் தெரிந்திருந்தும், கூடுதல் எடையோடு, தனக்குப் பழக்கமில்லாத உயரத்தில் கிளம்ப விமானி எடுத்த தவறான முடிவுதான் காரணம். அதன் விளைவாக வேகம் குறைந்து ஸ்டால் ஆனது. இதற்குத் துணைபோன காரணமாக வாரியம் குறிப்பிட்டதுதான் முக்கியம்: அளவுக்கு மீறிய பயணத் திட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற ஆசை, அதற்கு ஓரளவு காரணம் ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கு. விமான விபத்து அறிக்கையில் போல்ட்டு, நட்டு, எரிபொருள், மேகம் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது வழக்கம். தொலைக்காட்சிப் பேட்டி ஏறியது அபூர்வம்.

அந்த வரியை ஊடகங்கள் எப்படி எடுத்துக்கொண்டன? விபத்து நடந்த சில நாட்களிலேயே, அறிக்கை வருவதற்கு வெகு முன்பே, டைம் வார இதழ் ஜெசிகாவின் படத்தை அட்டையில் போட்டு, அவளைக் கொன்றது யார் என்று கேட்டது. தாயைக் கேட்டார்கள், இறந்துபோன தந்தையைக் கேட்டார்கள், குழந்தை வளர்ப்பு வல்லுநர்களைக் கேட்டார்கள். கேமராவைக் கொடுத்தவர்கள் தங்களைக் கேட்டுக்கொண்டது குறைவு. நம் ஊர்ப் பத்திரிகைகளும் இதில் யோக்கியம் பேச முடியாது. 'மிகச் சிறிய வயதில்' என்று தொடங்கும் சாதனைச் செய்தி வராத வாரம் இங்கே உண்டா?

அமெரிக்க நாடாளுமன்றம் சுறுசுறுப்பாகச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட விமானத் துறைச் சட்டத்தின் ஒரு பகுதியாகக் குழந்தை விமானிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத ஒருவர் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ பறக்கிறார் என்று தெரிந்தால், விமானத்தின் கட்டுப்பாட்டை அவர் கையில் கொடுக்கக் கூடாது என்கிறது அது. மீறினால் விமானியின் உரிமம் பறிபோகும். நல்ல சட்டம், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஷையனில் குழந்தையின் கையில் கட்டுப்பாடு இருந்ததால் விமானம் விழவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படித்தால், நோய் ஒரு பக்கமும் மருந்து ஒரு பக்கமும் நிற்பது தெரியும். ஜெசிகாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெரியவர்கள் இருவர் மட்டும் அதே எடையோடு, அதே பேட்டி அட்டவணையோடு, அதே காற்றில் கிளம்பியிருந்தால் இந்தச் சட்டத்துக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

காற்றில் கட்டுப்பாடு இழக்கும் எல்லா விமானமும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஷையனுக்குத் தெற்கே 160 கிலோமீட்டரில் இருக்கிறது டென்வர். அதே ராக்கி மலைத்தொடரின் அடிவாரம். மலையைத் தாண்டிச் சரிந்து இறங்கும் அதே முரட்டுக் காற்று. 2008 டிசம்பர் 20 மாலை, அங்கே கான்டினென்டல் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 115 பேரோடு ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, இடப்பக்கத்திலிருந்து வந்த வீச்சு அதைத் திருப்பிவிட்டது. வடக்கே நீண்ட ஓடுபாதை, மேற்கிலிருந்து காற்று. விமானத்தின் வால் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி; பக்கக் காற்று வாலைத் தள்ளினால் மூக்கு காற்றின் பக்கம் திரும்பும். அதைச் சமாளிக்கத்தான் காலடியில் சுக்கான் மிதி. விமானி மிதித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். நான்கே நொடிகளில் விமானம் ஓடுபாதையை விட்டு இறங்கி, பள்ளங்களில் மோதித் தீப்பிடித்தது. பலர் காயமடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பது அதிசயம்தான்.

அந்தத் தலைமை விமானி 13,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கோபுரம் அவருக்குச் சொன்ன காற்று 27 நாட். நிறுவனம் வைத்திருந்த வரம்பு 33 நாட். அவர் வரம்புக்குள்தான் இருந்தார். அவரைத் தாக்கியதோ 45 நாட் வீச்சு. அதைவிடக் கொடுமை, விமான நிலையத்தின் வேறு காற்றுமானிகள் கூடுதல் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தகவல் விமானி அறைக்குப் போகவில்லை. பயிற்சிக்கான சிமுலேட்டரிலும் வீச்சுக் காற்றை உள்ளபடி உருவாக்கிக் காட்டும் வசதி இல்லை. அவர் வாழ்க்கையில் பழகியிராத காற்றை ஓடுபாதையில்தான் முதன்முதலில் சந்தித்தார். வாரியம் அவர் மிதியை விட்டதைக் குற்றமாகச் சொன்ன கையோடு, தகவல் சொல்லாத முறையையும் பயிற்சியின் ஓட்டையையும் பெயர் சொல்லிக் குறித்தது.

டென்வரில் தெரியாமல் போனார்கள். ஷையனில் தெரிந்தே போனார்கள். முதலாவதைக் காற்றுமானியும் சிமுலேட்டரும் வாங்கிச் சரிசெய்துவிடலாம். இரண்டாவதற்கு விற்கும் கருவி எந்தக் கடையிலும் இல்லை. விமானப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, 'மோசமான வானிலையால் விபத்து' என்று சீட்டு ஒட்டிவிடுவதுதான் எரிச்சலூட்டுகிறது.

பெரிய விமான நிறுவனங்களில் இரண்டாவது வகை விபத்து குறைந்ததற்குக் காரணம், அங்கே விமானி தனி ஆள் இல்லை. அமெரிக்க விதிப்படி, தரையில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் டிஸ்பாட்சர் என்ற அதிகாரியும் அந்தப் பயணத்துக்குச் சம பொறுப்பாளி. அவர் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது. அவர் முன்னால் கேமரா இல்லை, காத்திருக்கும் பெரியப்பா இல்லை, வாடகைக்குப் பேசிய கார் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'தான் அவருடைய மதிப்பு. சிறு விமான விமானிக்கு இப்படி ஒருவர் கிடையாது. வானிலையைப் பார்ப்பவர், எடையைக் கூட்டுபவர், பெட்டிகளை ஏற்றுபவர், பின் இருக்கையில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தவிப்பவர், எல்லாம் ஒருவரே.

கையேட்டை நம்பலாமே என்றால், அதிலும் ஒரு வில்லங்கம். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தின் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று ஓர் எண் இருக்கும். பலரும் அதை வரம்பு என்று நினைக்கிறார்கள். அது வரம்பு அல்ல. விமானத்துக்குச் சான்றிதழ் வாங்கும் காலத்தில், சோதனை விமானி இவ்வளவு காற்றில் ஓட்டிக் காட்டினார் என்ற தகவல் மட்டுமே. அதற்குமேல் போனால் சட்ட மீறலும் இல்லை. அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்ற உறுதியும் இல்லை. சோதனை விமானியின் கையும் காலும் கையேட்டோடு சேர்த்து விற்கப்படுவதில்லை.

ஆகவே எண்ணை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அமெரிக்க விமானத் துறை. காற்று எவ்வளவு, வீச்சு எவ்வளவு, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று விமானி தன் சொந்த வரம்பை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறது. கிளம்புமுன் சரிபார்க்கும் பட்டியலில் விமானி, விமானம், சூழல் என்ற மூன்றோடு நான்காவதாக 'வெளி நெருக்கடி' என்பதையும் சேர்த்திருக்கிறது. திருமணத்துக்கு நேரமாகிறது, நண்பர்கள் காத்திருக்கிறார்கள், நிருபர் வந்துவிட்டார் என்பவையெல்லாம் அந்தப் பத்தியில் வரும். யோசனை சரிதான். ஆனால் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கோட்டைத் தானே அழிக்க எத்தனை நேரம் ஆகும்? இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசி தொடுவதில்லை என்று முடிவெடுத்த எவரையும் கேட்கலாம். எழுதிய தாள் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். பறக்கும் மன்றத்தின் செயலாளர், பயிற்சிப் பள்ளியின் மூத்தவர், வீட்டில் இருக்கும் மனைவி அல்லது கணவர், யாராயினும் சரி, அந்தப் பயணத்தால் தனக்கு ஆதாயம் இல்லாத ஒருவர். இதைக் கட்டாயமாக்கப் பெரிய செலவில்லை. மாணவர்களைத் தனியாக அனுப்பும்போது நல்ல பயிற்சிப் பள்ளிகள் இதைத்தான் செய்கின்றன. காற்று இவ்வளவுக்கு மேல் என்றால் சாவி கிடையாது. உரிமம் கைக்கு வந்த அன்று அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. அதன் பிறகுதான் பயணங்கள் நீளமாகின்றன, பின் இருக்கையில் குடும்பம் ஏறுகிறது.

காற்றுக்குப் பயந்தால் விமானி ஆக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வீச்சுக் காற்றில் பழகாதவர், ஒருநாள் பறந்துகொண்டிருக்கும்போது அது எழுந்தால் என்ன செய்வார்? காற்று வரும் பக்கமாகக் கைப்பிடியைத் திருப்பிவைத்து, வேகம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சுக்கானால் மூக்கை நேராகப் பிடித்து, வழக்கத்தைவிடச் சற்றே கூடுதல் வேகத்தில் எழும்பும் அந்த வித்தையைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. காற்றில்தான் கற்க வேண்டும். ஆனால் கற்கப் போகிற நாள் வேறு, ஊர் போய்ச் சேரப் போகிற நாள் வேறு. கற்கும் நாளில் எடை குறைவு, அவசரம் இல்லை, பிடிக்கவில்லை என்றால் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிடலாம். ஷையனில் அன்று இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இதில் வாசகர்களுக்கும் பங்கு உண்டு. சிறு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ ஏற வாய்ப்பு வந்து, விமானி வானத்தைப் பார்த்துத் தயங்கினால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியதை நினைவூட்டாதீர்கள்.

செய்தி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சாதனைப் பயணம் என்று யாராவது அழைப்பிதழ் கொண்டுவந்தால், புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: காற்று சரியில்லை என்றால் எத்தனை நாள் தள்ளிப்போடுவீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால், கேமராவை அனுப்பாதீர்கள்.